அமெரிக்கப் பள்ளியில் வெல்டிங் படித்தால் தொழில் கைவருமா?

அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: பத்தாம் வகுப்பில் இருக்கும் தம் மகன் அடுத்த ஆண்டு முதல் தினமும் அரை நாள் மாவட்டத் தொழிற்கல்வி மையத்துக்குச் சென்று வெல்டிங் படிக்க விரும்புகிறான், கணக்கு நன்றாக வருகிறது, இருந்தும் கைவேலையில்தான் அவனுக்கு நாட்டம், சம்மதித்தால் இரண்டு ஆண்டில் தொழில் தெரிந்தவனாக வெளியே வருவானா, அல்லது கல்லூரிக்கும் ஆகாமல் வேலைக்கும் ஆகாமல் நிற்பானா? பார்வைக்கு ஒரே கேள்விதான் என்றாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒரு பள்ளியால் கைத்தொழிலைக் கற்றுத்தர முடியுமா என்பது முதலாவது. பதினாறு வயதில் எடுக்கும் இந்த முடிவு பின்னாளில் எந்த வழியை அடைக்கும் என்பது இரண்டாவது. அவர் கேட்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. குடும்பம் எந்த விசாவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, முதல் இரண்டையும் விட அதுவே பெரிதாகிவிடலாம். நான் வெல்டராகத் தொடங்கி, பின்னர் வெல்டிங் ஆய்வாளராக இருந்து, இப்போது பல ஆண்டுகளாக இத்தகைய மையம் ஒன்றில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆகவே வெல்டிங்கைப் பற்றிச் சொல்வது என் கைப்பட அறிந்தது. மின்பணி, குளிர்சாதனம் முதலிய பிற தொழில்களைப் பற்றிச் சொல்வது விதிமுறைகளைப் படித்தும் சக பயிற்றுநர்களிடம் கேட்டும் அறிந்தது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் இரண்டு ஆண்டில் முழு வெல்டராக வெளியே வரமாட்டான். ஒழுங்கான மையமாக இருந்தால், ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தரத் துணியும் அளவுக்கு வருவான். இதற்கு அவனுடைய திறமையோ பயிற்றுநரின் அக்கறையோ காரணமில்லை, மணிக்கணக்குதான் காரணம். அரை நாள் திட்டம் என்றால் பணிமனைக்குக் கிடைப்பது நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டு 180 நாள் என்பதால், ஆண்டுக்கு 450 மணி, இரண்டு ஆண்டுக்கு 900 மணி. இதில் பாதுகாப்பு வகுப்பு, வரைபடம் வாசித்தல், தகடு வெட்டுதல், பணிமனையைக் கூட்டிச் சுத்தம் செய்தல், தேர்வு நாள்கள், பனிப்பொழிவு விடுமுறை எல்லாம் போக, முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு பூத்துக்குள், அதாவது ஒருவர் நின்று வெல்டிங் செய்யும் தடுப்பறைக்குள், நிற்கும் நேரம் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். இதற்கு மறுபுறம், மத்தியத் தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற அப்ரண்டிஸ் பயிற்சியில், அதாவது சம்பளம் பெற்றுக்கொண்டே வேலையில் கற்கும் பயிற்சியில், மணிக்கணக்கை வைத்து நடக்கும் திட்டங்களுக்குக் குறைந்தபட்ச அளவே 2,000 மணி நேர வேலைப் பயிற்சி. அதோடு ஆண்டுக்கு 144 மணி நேர வகுப்புப் பாடம் பரிந்துரைக்கப்படுகிறது. மின்பணி போன்ற தொழில்களில் 8,000 மணி என்பது வழக்கமான கணக்கு. பள்ளியின் 900 மணியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளி எதைத் தரும், எதைத் தராது என்பதில் குழப்பம் வராது.

ஆனால் அந்த 900 மணியை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு சோதனையை வைத்துக் காட்டுகிறேன். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல்படி, கட்டுமான எஃகுக்கான தகுதிச் சோதனை ஒன்றில் எட்டில் மூன்று அங்குலத் தடிமனுள்ள இரண்டு தகடுகளின் விளிம்புகளைச் சாய்வாக வெட்டி, கால் அங்குல இடைவெளி விட்டு, பின்னால் ஓர் எஃகுப் பட்டை வைத்து, அந்தப் பள்ளத்தை ஓட்டம் ஓட்டமாக, அதாவது உருகிய உலோகத்தை வரிமேல் வரியாக இட்டு, நிரப்ப வேண்டும். ‘3ஜி’ என்றால் தகடு செங்குத்தாக நிற்கும். கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். 7018 என்ற வகை வெல்டிங் ராடை வைத்துக்கொண்டு முதன்முதலில் இதைச் செய்யும் மாணவனுக்கு உலோகம் கீழே வழியும்; பயந்து வேகமாக ஏறுவான்; விளிம்புகளில் போதுமான நேரம் நிற்காததால் ஓரம் அரிக்கப்பட்டுக் குழிவிழும்; ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு அந்தக் குழிக்குள் ஒளிந்துகொள்ளும். மேலே அடுத்த ஓட்டத்தைப் போட்டு மூடிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிறகு பின்பட்டையை நீக்கி, தகட்டிலிருந்து பட்டைகளை வெட்டி, தேய்த்துச் சமன் செய்து, இயந்திரத்தில் கொடுத்து ‘யூ’ வடிவத்தில் வளைக்கிறோம். மூடி மறைத்த கசடு அப்போது வளைவின் வெளிப்புறத்தில் வாய்பிளக்கும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரே ஒரு பிளவு இருந்தாலும் தோல்விதான்.

இந்தச் சோதனையில் தேறும் நிலைக்குப் பெரும்பாலான மாணவர்கள் இரண்டாம் ஆண்டின் நடுவில் வருகிறார்கள். சிலர் வருவதே இல்லை. ஆனால் அந்த வளைந்த பட்டையைக் கையில் எடுத்து, பிளவைப் பார்த்து, “மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு நான் கசடைச் சரியாகத் தட்டவில்லை” என்று தானே சொல்லும் மாணவன் இந்தத் தொழிலின் அடிப்படையைப் பிடித்துவிட்டான் என்று நான் எடுத்துக்கொள்வேன். நிறுவனங்கள் புதியவனிடம் தேடுவதும் இதைத்தான். வேகம் வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும். தவறு எங்கே நேர்ந்தது என்று தேடிப் போகும் பழக்கத்தையும், தன் வேலையைத் தானே சந்தேகிக்கும் பழக்கத்தையும், நாளுக்கு இவ்வளவு டன் எஃகு வெளியேற வேண்டும் என்று ஓடும் தொழிற்கூடத்தில் நின்று கற்றுத்தர யாருக்கும் பொறுமை கிடையாது. பள்ளியில் அதற்கு நேரம் இருக்கிறது. தகட்டைப் பாழாக்கினால் யாருடைய பாலமும் இடியாது.

மையத்துக்கு மையம் தரம் மிகவும் வேறுபடுகிறது என்பதால், உங்கள் மாவட்ட மையத்தைப் பார்க்காமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது; எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். பெற்றோருக்கான அறிமுக நாளில் சுவரில் தொங்கும் பரிசுக் கோப்பைகளையும் வண்ணம் பூசிய புதிய இயந்திரங்களையும் காட்டுவார்கள். நீங்கள் பழைய இரும்புத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். வெட்டி வளைத்துப் பார்த்த பட்டைகள் நிறையக் கிடந்தால், அங்கே வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பொருள். ஒரே தகட்டின் மேல் இரு பக்கமும் இடமில்லாமல் வரிவரியாக இழுத்துத் தள்ளியிருந்தால், எஃகு வாங்கப் பணமில்லை அல்லது அடுத்த படிக்கு யாரும் நகர்த்தவில்லை என்று பொருள். அடுத்து, 7018 ராடுகளை எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவை ஈரத்தை உறிஞ்சினால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து பின்னர் விரிசல் விடும். அதனால் திறந்த பெட்டியிலிருந்து எடுத்தவற்றைச் சூடான அடுப்புப் பெட்டியில் வைக்க வேண்டும், வெளியே எடுத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. அந்த அடுப்புப் பெட்டி மின் இணைப்பே இல்லாமல் ஒரு மூலையில் குளிர்ந்து கிடந்தால், அங்கே கற்றுக்கொடுக்கப்படுவது விதிநூலின்படி செய்யும் வெல்டிங் இல்லை. பூத் எத்தனை, மாணவர் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதும் நல்லது. பன்னிரண்டு பூத்துக்கு இருபத்துநான்கு பேர் என்றால், மேலே நான் போட்ட மணிக்கணக்கை இன்னும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்றுநரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல மாநிலங்கள் கற்பித்தல் பட்டத்துக்குப் பதிலாகத் தொழில் அனுபவத்தையே கணக்கில் கொண்டு இந்தப் பணிக்கு உரிமம் வழங்குகின்றன. அது சரியான ஏற்பாடுதான். இருபது ஆண்டு பைப் வெல்டிங் செய்தவருக்குத் தெரிந்தது புத்தகத்தில் கிடையாது. அதே சமயம், நல்ல வெல்டருக்கு வெளியே கிடைக்கும் ஊதியத்தைப் பள்ளி தருவதில்லை என்பதால் பயிற்றுநர்கள் அடிக்கடி விலகுகிறார்கள். இப்போதிருப்பவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். ஆண்டுக்கொருவர் மாறும் மையத்தில் இரண்டாம் ஆண்டு என்பது பெரும்பாலும் முதலாம் ஆண்டையே மறுபடி படிப்பதாக ஆகிவிடும்.

சான்றிதழ்களைப் பற்றிப் பெற்றோருக்குப் பெரிய குழப்பம் இருக்கிறது. மையங்களின் விளம்பரத் தாள்களும் அதைத் தீர்ப்பதில்லை. ‘ஓஷா 10’ அட்டை, மத்தியப் பணியிடப் பாதுகாப்பு முகமையான ஓஷாவின் பெயரில் நடக்கும் பத்து மணி நேரப் பாதுகாப்பு விழிப்புணர்வு வகுப்பை முடித்ததற்கான அடையாளம். அது எந்த வேலைக்கும் உரிமம் ஆகாது. வெல்டிங் தகுதிச் சான்றிதழ் என்பது ஒரு குறிப்பிட்ட முறையில், ஒரு குறிப்பிட்ட நிலையில், ஒரு தடிமன் வரம்புக்குள் அவன் தேறினான் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் அந்த முறையில் வேலை செய்யாமல் விட்டால் அதுவும் காலாவதியாகும். அதை வைத்திருந்தாலும் பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நாளே தங்கள் தகட்டைக் கொடுத்துத் தாங்களே சோதிக்கும். குளிர்சாதனத் தொழிலில் நிலைமை வேறு: குளிரூட்டு வாயு வெளியேறக்கூடிய பழுதுப் பணிகளைச் செய்யச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 608 சான்றிதழைச் சட்டமே கட்டாயமாக்குகிறது, அது காலாவதியும் ஆவதில்லை, ஆகவே அதைப் பள்ளியிலேயே பெற்றுவிடும் மாணவனுக்கு உண்மையான முன்னிலை கிடைக்கிறது. ஒரு மையம் ‘எங்கள் மாணவர்கள் இத்தனை சான்றிதழ்கள் பெறுகிறார்கள்’ என்று சொன்னால், அவற்றுள் எது இல்லாமல் வேலையே செய்ய முடியாது என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

அடுத்தது, பள்ளியிலிருந்து தொழிலுக்குப் போகும் இணைப்பு. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றுள் முக்கியமானது இதுதான்: நல்ல மையம் என்பது பள்ளி முடிவதற்குள் ஒரு நிறுவனத்துடனோ தொழிற்சங்கத்தின் அப்ரண்டிஸ் திட்டத்துடனோ சமுதாயக் கல்லூரி எனப்படும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியுடனோ மாணவனைப் பிணைத்துவிடும் மையம். அப்ரண்டிஸ் திட்டத்தில் சேர மத்திய விதிப்படி குறைந்தபட்ச வயது 16 என்றாலும், கட்டுமானத் தொழில்களில் பெரும்பாலான திட்டங்கள் 18 வயது கேட்கின்றன. பள்ளியில் பெற்ற மணிகளை வரவு வைப்பதும் வைக்காததும் அந்தந்தத் திட்டத்தை நடத்துபவரின் விருப்பம். “எங்கள் மணியெல்லாம் கணக்கில் சேரும்” என்று மையம் சொன்னால், எந்தத் திட்டத்தில், எவ்வளவு என்பதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். 18 வயது நிறையாதவர்கள் வேலையிடத்தில் செய்யக் கூடாத அபாயகரமான பணிகளை மத்தியச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. மரவேலை இயந்திரங்கள், தகடு வளைக்கும், வெட்டும் இயந்திரங்கள், கூரை வேலை, பள்ளம் தோண்டுதல் ஆகியவற்றில், பள்ளியும் நிறுவனமும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொண்டு, நேரடி மேற்பார்வையில், குறுகிய நேரங்களுக்குப் பயிற்சியின் பகுதியாகச் செய்யும் தொழிற்கல்வி மாணவனுக்கு விலக்கு உண்டு. சுமைதூக்கி வண்டியான ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கு அந்த விலக்கு கிடையாது. ‘மாணவனுக்கு வேலை அனுபவம்’ என்ற பெயரில் பதினேழு வயதுப் பையனை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றும் பட்டறைகள் இருக்கின்றன. உங்கள் மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கல்லூரி பற்றிய கேள்விக்கு வருகிறேன். தொழிற்கல்வி வகுப்பு எடுத்ததற்காகவே ஒரு மாணவனைப் பல்கலைக்கழகங்கள் ஒதுக்குவதில்லை. உண்மையான இடர் கால அட்டவணையில் இருக்கிறது. அரை நாள் மையத்துக்கும் பேருந்துப் பயணத்துக்கும் போனால், எஞ்சிய அரை நாளுக்குள் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, வேற்று மொழி எல்லாம் அடங்க வேண்டும். இந்த நெருக்கடியில் முதலில் விழுவது உயர்கணிதமும் இயற்பியலும். உங்கள் மகனுக்குக் கணக்கு வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் கணக்கு அட்டவணையில் இருக்கட்டும். கல்லூரிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மின்பணியாளர் சங்கத்தின் அப்ரண்டிஸ் திட்டம் உயர்நிலைப் பள்ளி அல்ஜீப்ரா கேட்கிறது, அதன் நுழைவுத் தேர்வில் அல்ஜீப்ராவும் வாசிப்புத் திறனும்தான் இருக்கின்றன. என் பணிமனையில் பைப் இணைப்புக்கு வெட்டுக்கோணம் கணக்கிடும்போது திரிகோணவியல் தெரிந்தவன் ஒரு முறை வெட்டுகிறான். தெரியாதவன் மூன்று முறை வெட்டித் தேய்க்கிறான். வெல்டிங்கிலேயே பொறியியல் பட்டமும் இருக்கிறது என்பது நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் வெல்டிங் பொறியியலில் பட்டம் வழங்குகிறது. மிச்சிகனில் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெல்டிங் பொறியியல் தொழில்நுட்பப் படிப்பு உண்டு. பள்ளியில் ராடு பிடித்த கையோடு அங்கே போகிறவனுக்கு, கால்குலஸும் இருந்தால், வழி நன்றாகவே திறந்திருக்கிறது.

இந்த அட்டவணைச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம்தான் பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தை முதலில் கொண்டுவந்தது. தொழிற்பிரிவு மாணவனின் நேரத்தில் குறைந்தது பாதி செய்முறைப் பணியில் கழிய வேண்டும் என்று அது நிபந்தனை வைத்தது. கை தேர்ந்தது, ஆனால் அந்த மாணவன் ஏட்டுக் கல்வியிலிருந்து பிரிக்கப்பட்டான். காலப்போக்கில் ‘படிப்பு வராதவன் போகும் இடம்’ என்ற முத்திரையும் விழுந்தது. 1984-இன் பெர்கின்ஸ் சட்டமும், 2006, 2018-ஆம் ஆண்டுகளில் அதற்குச் செய்யப்பட்ட மறுவடிவங்களும் இந்தப் பிரிவினையைக் குறைக்க முயன்றிருக்கின்றன. இப்போதைய சட்டம் ஒரே தொழிற்பிரிவில் இரண்டு பாடங்களையாவது முடித்தவரையே அதில் ஊன்றிப் படித்த மாணவராகக் கணக்கிடுகிறது. அவர்களுடைய பொதுப்பாடத் தேர்ச்சியையும் மாநிலங்கள் கணக்குக் காட்ட வேண்டும். முத்திரை சட்டத்தால் அழிந்துவிடவில்லை. இன்றும் சில பள்ளிகளில் ஆலோசகர் உங்கள் மகனுடைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, “இவனுக்கு எதற்கு இது?” என்று கேட்பார். கேட்டால் கோபப்பட வேண்டாம். அட்டவணையை எப்படி அமைப்பது என்ற பேச்சுக்கு அவரைத் திருப்புங்கள்.

இப்படிப் படித்தவர்கள் பின்னர் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாசசூசெட்ஸில் மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் பணிமனை என்று மாறி மாறிப் படிக்கும் முழுநேரத் தொழிற்பள்ளிகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் பல பணிமனைகளையும் சுற்றிப் பார்த்த பிறகே தொழிலைத் தேர்ந்தெடுப்பார்கள். நுழைவு மதிப்பெண்ணில் மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் இழந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், இடம் பெற்றவர்கள் உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. கனெக்டிகட்டில் அதே முறையில் நடந்த ஆய்வில் ஆண் மாணவர்களின் பின்னாளைய வருமானம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. பெண்களுக்கு அத்தகைய பலன் தெரியவில்லை. இரண்டும் முழுநேரத் தொழிற்பள்ளிகள் என்பதைக் கவனியுங்கள். அரை நாள் மையத்துக்கும் இதே பலன் கிடைக்கும் என்று அவற்றை வைத்துச் சொல்வது நியாயமாகாது. அப்படிச் சொல்லும் விளம்பரத் தாளை நம்பவும் வேண்டாம். மறுபக்கம், பதினொரு நாடுகளின் தரவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு, தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைப்பதும், வயது ஏற ஏற அந்த முன்னிலை தேய்ந்து, பொதுக்கல்வி பெற்றவர்கள் முந்துவதும் காணப்படுவதாகச் சொன்னது. ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்று அப்ரண்டிஸ் முறை ஆழமாக வேரூன்றிய நாடுகளில் இது அழுத்தமாகத் தெரிந்தது. அமெரிக்கப் பள்ளிக்கு அதை அப்படியே பொருத்த முடியாவிட்டாலும், ஒரே இயந்திரத்தை மட்டும் தெரிந்தவனின் நிலை ஐம்பது வயதில் என்ன ஆகும் என்ற கேள்வியை அது சரியாகவே எழுப்புகிறது. கணக்கை விடாதீர்கள் என்று நான் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருமானத்தைப் பற்றி அளவான எதிர்பார்ப்பு வேண்டும். மத்தியத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி வெல்டர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 51,000 டாலர்; மின்பணியாளர்களுக்குச் சுமார் 62,000 டாலர். இணையத்தில் ‘பத்தொன்பது வயதில் லட்சம் டாலர்’ என்று காட்டும் காணொளிகள் பொய் என்று சொல்லமாட்டேன். அவர்களில் பலர் சொந்த வாகனத்தில் சொந்த இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் குழாய்ப் பாதையில், வாரத்துக்கு அறுபது எழுபது மணி நேரம் உழைப்பவர்கள். வேலை இல்லாத மாதங்களைப் படம் பிடிக்கமாட்டார்கள்.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பதில் நேர்மையாக இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் 2017-இல் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங்கில் ஆறிணைதிற குரோமியம் என்னும் நச்சு எழும்; துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைப் பூச்சு நீக்காமல் வெல்டிங் செய்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். முகக்கவசம் இல்லாமல் ஆர்க்கை, அதாவது வெல்டிங்கில் எழும் மின்பொறி ஒளியை, பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். இவை எல்லாம் தடுக்கக்கூடியவை. ஆனால் தடுப்பு பையனுடைய கையில் மட்டும் இல்லை, பணிமனையின் அமைப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் புகையை உறிஞ்சும் குழாய் வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகில் வரை நீள்கிறதா, அது ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கூரையில் ஒரு பெரிய மின்விசிறி இருக்கிறது என்ற பதில் போதாது, ஏனெனில் புகை கூரைக்குப் போகும் வழியில்தான் மாணவனின் முகம் இருக்கிறது. கிரைண்டரில் மாட்டும் சக்கரத்தின் வேக வரம்பு இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறார்களா என்றும் அங்கிருக்கும் மாணவன் ஒருவனைக் கேளுங்கள். பயிற்றுநரைவிட மாணவனின் பதிலில் உண்மை தெரியும்.

இனி, நீங்கள் கேட்காத விசா விஷயம். உங்கள் மகன் இங்கே பிறந்தவனாகவோ பச்சை அட்டை பெற்றவனாகவோ இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கிறான் என்றால், மையத்தில் படிக்கத் தடையில்லை. ஆனால் எச்-4 பிள்ளை ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. பள்ளிப் படிப்பின் பகுதியாக நிறுவனத்தில் ஊதியத்துடன் செய்யும் கூட்டுப் பயிற்சியும், பதிவு பெற்ற அப்ரண்டிஸ் திட்டமும் வேலைகளே; ஆகவே நான் மேலே மிக முக்கியம் என்று சொன்ன அந்த இணைப்புக் கண்ணியே அவனுக்குத் துண்டிக்கப்படுகிறது. எச்-4 தகுதி 21 வயதோடு முடியும். பட்டப்படிப்பு படித்தவனுக்கு மாணவர் விசா, பிறகு அதன் வழியான பணிப் பயிற்சிக் காலம், பிறகு எச்-1பி என்று குறுகலாகவாவது ஒரு பாதை இருக்கிறது. எச்-1பி விசாவுக்குப் பட்டமோ அதற்கு நிகரான தகுதியோ தேவைப்படும் பணி வேண்டும். வெல்டர் பணி அந்த வகையில் வராது. தொழிற்பயிற்சிக்கென உள்ள எம்-1 மாணவர் விசாவில் படிப்புக்குப் பிறகு கிடைக்கும் செய்முறைப் பயிற்சிக் காலம், நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான். நிலுவையில் உள்ள பச்சை அட்டை விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை அனுமதி கிடைக்கும் சூழல்களும் உண்டு. நான் வழக்கறிஞன் இல்லை என்பதால், உங்கள் குடும்பத்தின் ஆவணங்களைப் பார்த்த குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எச்-4 நிலையில் இருக்கும் மாணவன் வெல்டிங் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொறியியலுக்குப் போகும் வழியில் ஒரு கைத்திறனாக அவன் அதைப் படிக்கலாம். பள்ளி முடிந்ததும் பிழைப்புக்கான தொழிலாக அதை நம்பித் திட்டமிட முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், விசாத் தடை இல்லாத பட்சத்தில் சம்மதிப்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. கணக்கு ஒவ்வோர் ஆண்டும் தொடர வேண்டும், மையம் நான் மேலே சொன்னபடி நேரில் பார்த்துத் தேற வேண்டும். பள்ளிகள் அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வைப் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடித்துவிடுகின்றன. மையத்துக்குத் தனி விண்ணப்பமும் இடக் கட்டுப்பாடும் இருக்கக்கூடும் என்பதால் ஆலோசகரை இப்போதே சந்தித்து, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இரண்டுக்குமான முழு அட்டவணையை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். எழுதிப் பார்க்கும்போதுதான் இயற்பியலும் மையப் பேருந்தும் ஒரே நேரத்தில் மோதுவது தெரியவரும். அப்போதே கோடைக்கால வகுப்பாகவோ சமுதாயக் கல்லூரிப் பாடமாகவோ அதை நகர்த்த வழி கேட்கலாம். விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் முழுதும் அவன் பணிமனையில் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்டால் பல மையங்கள் ஏற்பாடு செய்கின்றன. அன்று அவன் வெல்டிங் செய்ய முடியாது; தேய்ப்பதையும் வெட்டுவதையும் கூட்டுவதையும், ஒரே ஓட்டத்தை முப்பது முறை போடுவதையும்தான் பார்ப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் போக வேண்டும் என்று சொன்னானானால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.